வாசலில் கழற்றி வைத்த காரணம்: முன்பாத நரம்பு வலி, ஒரு நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டைப் பக்கம் நான் நடத்தும் சிறிய பிசியோதெரபி மையத்தில், 2023 ஜூலையிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு பார்த்த ஒருவரின் பாத வலி பற்றிய பதிவு இது. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் கோட்டை விட்ட இடங்களை மட்டும் மாற்றவில்லை.

பின்னணி

அவருக்கு 46 வயது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் சேலைப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை. காலை 10 மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு 9 வரை நிற்பார். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். வீடு கொருக்குப்பேட்டையில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 7.6 சதவீதம்.

வலி வலது காலில், உள்ளங்காலின் முன்பகுதியில், எட்டு மாதங்களாக. என்னிடம் வருவதற்கு முன் இரண்டு இடங்களில் காட்டியிருந்தார். இரண்டு சீட்டிலும் ‘சர்க்கரையால் நரம்புப் பாதிப்பு’ என்ற பொருளில்தான் எழுதியிருந்தது. நரம்புச் சத்து மாத்திரையும், நரம்பு வலிக்கு இரவில் போட ப்ரிகாபலின் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். ப்ரிகாபலின் போட்டால் மறுநாள் மதியம் வரை தூக்கம் தள்ளுகிறது, பில் போடுவதில் தப்பு வருகிறது என்று அவரே நிறுத்திவிட்டார்.

முதல் சந்திப்பு

ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்த வாரம். அரை நாள் லீவு கிடைப்பதே அபூர்வம் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். நான் முதலில் பார்த்தது காலை அல்ல, ஃபைலை. சர்க்கரை, பாத எரிச்சல், நரம்பு மாத்திரை என்று மூன்றும் ஒரே வரிசையில் இருந்தன.

“எரியுதாம்மா?” என்று கேட்டேன்.

“எரியுது சார்.”

இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. எரிகிறதா என்று கேட்டால் எரிகிறது என்றுதான் சொல்வார்கள். ‘எப்படி இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்’ என்று நான் கேட்கவில்லை. தொடு உணர்வைச் சோதிக்க, 10 கிராம் அழுத்தம் தரும் மோனோஃபிலமென்ட் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன். இடது காலில் எல்லா இடத்திலும் உணர்ந்தார். வலது காலில் மூன்றாம், நான்காம் விரல்களின் நுனியில் மட்டும் தடுமாறினார். அதைக் குறித்து வைத்தேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை. பாதப் பராமரிப்பைப் பற்றிப் பேசினேன், கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி ஒன்றைக் கற்றுக்கொடுத்தேன், மூன்று வாரம் கழித்து வரச் சொன்னேன்.

ஒரே ஒரு விஷயத்தை அன்று சரியாகச் செய்தேன். தினமும் இரவில் கல் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைப்பதாகச் சொன்னார். சர்க்கரை இருப்பவருக்குச் சூடு உறைக்காமலே தோல் வெந்துபோகலாம் என்பதால் அதை நிறுத்தச் சொன்னேன்.

வாசலில் பார்த்தது

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் மறுபடி வந்தார். வலி அப்படியேதான் இருந்தது. இந்த முறை கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு நேராக வந்திருந்தார். நானும் அதே கதையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லி அனுப்பினேன்.

அவர் வெளியே போன பிறகு, அடுத்து வந்த பெரியவரின் வாக்கரை உள்ளே எடுத்து வைக்க வாசலுக்குப் போனேன். அந்த அம்மா அப்போதுதான் ஷூவை மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது படியில் நின்றார். சுவரில் ஒரு கையை ஊன்றி, வலது ஷூவைக் கழற்றி, விரல்களைப் பிரித்து நடுவில் கட்டைவிரலால் தேய்த்துவிட்டார். அரை நிமிடம் இருக்கும். பிறகு ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

பாடப்புத்தகத்தில் படித்த காட்சி இது. கூப்பிட்டு மறுபடி உட்கார வைத்தேன், ஷூவோடு.

அது கடையில் சீருடையோடு கொடுக்கும் கறுப்பு கட் ஷூ. முன்பக்கம் கூம்பு, ஒன்றரை அங்குலக் குதி, அடிப்பாகம் அட்டை போலக் கெட்டி. வழக்கமாக அதைக் கடை லாக்கரிலேயே வைத்துவிட்டு ரப்பர் செருப்பில் வீட்டுக்கு வருவாராம். ஆகவே எந்த டாக்டரும் அதைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் நம் ஊர் வழக்கப்படி அது வாசலுக்கு வெளியேதான் கிடந்திருக்கும். தினமும் 11 மணி நேரம் காலோடு இருக்கும் பொருள், காலைப் பரிசோதிக்கும் அறைக்குள் மட்டும் வருவதில்லை.

மறுபரிசோதனை

இந்த முறை அவரையே சொல்ல விட்டேன். “கூழாங்கல்லு ஒண்ணு உள்ளயே கீது சார், அது மேல மிதிக்கிறா மாதிரி. சில நேரம் சுளீர்னு கரண்டு மாதிரி ரெண்டு விரலுக்குப் போவும். ஷூவைக் கழட்டித் தேய்ச்சா அடங்கிடும்.” இரவில் தொந்தரவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வலியே இல்லை. இடது காலில் எதுவும் இல்லை.

சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இப்படி இருக்காது. அது இரண்டு காலிலும் வரும், விரல் நுனிகளில் தொடங்கிச் சாக்ஸ் போட்டதுபோல மேலேறும், இரவில்தான் அதிகம் படுத்தும். இவருடையது ஒரே கால், இரண்டே விரல், பகல் நேரம், ஷூ. எல்லாமே நேரெதிர். முதல் நாளே இந்த நான்கும் அவரிடம் இருந்தன. கேட்கத்தான் ஆளில்லை.

கையால் பார்த்ததில் எலும்புகள் மேல் அழுத்தினால் வலி இல்லை. ஆகவே எலும்பில் நுண்முறிவுக்கு வாய்ப்புக் குறைவு. விரல் மூட்டுகளில் வீக்கமோ காலை நேர விறைப்போ இல்லை. ஆணி, காய்ப்பு இல்லை. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வை இரண்டு காலிலும் நன்றாக உணர்ந்தார். மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மேலும் கீழுமாகப் பிடித்து அழுத்தியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அதே இடத்தை அழுத்தியபடி இன்னொரு கையால் முன்பாதத்தைப் பக்கவாட்டில் நெருக்கினால் ‘டொக்’ என்று ஏதோ நழுவுவது விரலுக்குத் தெரிந்தது. முல்டர் சொடுக்கு (Mulder's click) என்பார்கள். விரலிடை நரம்பு தடித்திருப்பதற்கு 1951 முதல் மருத்துவ எழுத்தில் இருக்கும் அடையாளம்.

ஒரு தாளில் அவர் காலை வைத்துப் பென்சிலால் வரைந்து, அதன் மேல் ஷூவை வைத்தேன். காலின் அகலம் 96 மில்லிமீட்டர், ஷூ அடியின் அகலம் 80. மீதி 16 மில்லிமீட்டர் எங்கே போகும்? விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கித்தான் இடம் கண்டுபிடிக்க வேண்டும். அவரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசிய எதையும்விட அந்தப் பென்சில் கோடுதான் அவரிடம் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். நோய் இதுதான் என்று முடிவு சொல்ல எலும்பு மருத்துவர் வேண்டும். சந்தேகத்தை எழுதி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் மூன்றாவது இடைவெளியில் 6 மில்லிமீட்டர் அளவுக்கு நரம்பு தடித்திருந்தது. மோர்ட்டன் நியூரோமா.

‘கட்டி’ என்ற சொல் செய்த வேலை

ஸ்கேன் ரிப்போர்ட்டை அவர் மகன் செல்போனில் தேடிப் பார்த்திருக்கிறான். நியூரோமா என்றால் நரம்புக் கட்டி என்று வந்திருக்கிறது. மறுநாள் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள். அந்த அம்மாவுக்கு முகமே இல்லை. “மார்ல வர்ற மாதிரியா சார்?” என்று மெதுவாகக் கேட்டார்.

பெயரே தப்பு என்பதைப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. லண்டனில் லூயிஸ் டர்லாக்கர் என்ற பாத வைத்தியர் 1845-ல் இந்த வலியை எழுதி வைத்தார். 1876-ல் பிலடெல்பியாவின் அறுவை மருத்துவர் தாமஸ் மோர்ட்டன் எழுதியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. நியூரோமா என்பதும் ஒட்டிக்கொண்டதுதான். இது புற்றுநோய் அல்ல, வளரும் கட்டியும் அல்ல. நெருக்கப்பட்டு, உரசி உரசி, நரம்பைச் சுற்றியிருக்கும் உறை தடித்துப்போவது. குடத்தைத் தூக்கித் தூக்கி இடுப்பில் காய்ப்பு வருவதுபோல என்று சொன்னேன். அது சரியான உவமை இல்லைதான். ஆனால் அந்த அம்மா அப்போதுதான் மூச்சு விட்டார்.

விரல்களுக்குப் போகும் நரம்பு, பாதத்தின் நீள எலும்புகளின் தலைப்பகுதிகளுக்கு நடுவே, அவற்றைக் குறுக்காக இணைக்கும் ஒரு தசைநார்ப் பட்டைக்குக் கீழே ஓடுகிறது. கூம்பு ஷூ இரண்டு பக்கமிருந்தும் எலும்புகளை நெருக்கும். குதி உயரமாக இருந்தால் உடல் எடை முன்னால் சாயும். நுனிக்காலில் எக்கும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்கி, நரம்பு அந்தப் பட்டையின் விளிம்பில் இழுபடும்.

எக்குவது என்று சொன்னதும் கணவர்தான் குறுக்கே பேசினார். “அதான சார் இவ வேலையே.” சேலைப் பிரிவில் மேல்தட்டில் இருப்பதை நுனிக்காலில் எக்கி எடுக்க வேண்டும், கீழ்த்தட்டில் இருப்பதைக் குதியைத் தூக்கிக் குந்தி எடுக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை தடவை என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் மதியம் வரைக்குமே 70 தாண்டியது என்றார், அதற்கு மேல் எண்ணவில்லையாம்.

எடுத்த முடிவுகள்

ஊசி, அறுவை இரண்டையும் தள்ளிவைத்து, ஆறு வாரம் செருப்பையும் வேலை முறையையும் மாற்றிப் பார்ப்பது என்று எலும்பு மருத்துவரும் நானும் பேசி முடிவெடுத்தோம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும் என்பது ஒரு காரணம். ஊசி போட்டு அதே ஷூவுக்குள் காலை அனுப்புவதில் அர்த்தமில்லை என்பது பெரிய காரணம்.

ஷூவை மாற்ற வேண்டும். சீருடை விஷயம் என்பதால் கடை மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கோரிக்கைகள். ஒன்று, முன்பக்கம் அகலமான, குதி தாழ்ந்த, பின்பட்டி வைத்த கறுப்புச் செருப்புக்கு அனுமதி. சர்க்கரை நோயாளிகளுக்கான மிருதுவான எம்.சி.ஆர். அடி வைத்ததாகப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் சேர்ந்த 22-ஏ பிரிவு, ஊழியர்களுக்கு இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது. அதையும் பணிவாக ஒரு வரி எழுதினேன். செருப்புக்கு ‘கறுப்பா இருந்தா சரி’ என்று பதில் வந்தது. ஸ்டூல் ஏற்கெனவே இரண்டு இருந்தன, அவற்றின் மேல் சேலைப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். ஒன்று காலியானது. மேல்தட்டுக்கு எக்காமல் ஏறி நின்று எடுக்க, உயரம் குறைந்த மரப்பலகை ஒன்றை அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

மெட்டி பற்றியும் பேச வேண்டியிருந்தது. இரண்டாம் விரலில் தடித்த வெள்ளி மெட்டி, மூன்றாம் விரலில் இன்னொரு வளையம். ஷூவுக்குள் அந்த இரண்டு வளையமும் இடத்தை இன்னும் குறைக்கின்றன என்பது என் சந்தேகம். கழற்றச் சொன்னதும் கணவரைப் பார்த்தார். அவர் பரவாயில்லை என்றார், அம்மாதான் சம்மதிக்கவில்லை. மூன்றாம் விரல் வளையத்தை எடுத்துவிடுவது, இரண்டாம் விரலில் மெல்லிய கம்பி மெட்டி போடுவது என்று முடிந்தது. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

கடைசியாக, முன்பாதத்துக்குத் தாங்கல். கெட்டியான ஃபெல்ட் துணியில் 6 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சின்னத் திண்டாக வெட்டி, செருப்பின் உள்ளடியில் ஒட்டிக் கொடுத்தேன். கெண்டைக்கால் பயிற்சியைத் தொடரச் சொன்னேன். சுவரில் கையூன்றி 30 விநாடி, மூன்று முறை, காலையும் இரவும். கெண்டைக்கால் இறுக்கமாக இருந்தால் நடக்கும்போது குதி சீக்கிரம் தூக்கி, எடை முன்பாதத்துக்கு முன்கூட்டியே போய்விடும்.

தாங்கலில் நடந்த தப்பு

பத்து நாளில் போன் வந்தது. “சார், அந்தப் பஞ்சு வச்சதுல இருந்து இன்னும் மோசம்.” வரச் சொன்னேன். ஒட்டிய தாங்கல் கடை ஏசியிலும் வியர்வையிலும் பிய்ந்துபோயிருக்கிறது. அவரே பசை வாங்கி மறுபடி ஒட்டியிருக்கிறார். எங்கே? எங்கே வலிக்கிறதோ அங்கே.

யாராக இருந்தாலும் அப்படித்தான் ஒட்டுவார்கள். ஆனால் இந்தத் தாங்கல் வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. அதற்குச் சற்றுப் பின்னால், குதியை நோக்கி, எலும்புத் தலைகளுக்குப் பின்புறம் உட்கார வேண்டும். அப்போதுதான் எலும்புகளைத் தூக்கி விலக்கி நரம்புக்கு இடம் விடும். நேர் கீழே வைத்தால் இருக்கும் கல்லின் மேல் இன்னொரு கல். இதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. நானே ஒட்டிக் கொடுத்ததால் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துவிட்டேன்.

சரிசெய்ய அவர் கைப்பையிலிருந்த சாந்துப் பொட்டே உதவியது. வலிக்கும் இடத்தில் சாந்தைத் தடவி, செருப்பில் காலை வைத்து எழுந்து நிற்கச் சொன்னேன். உள்ளடியில் சிவப்பாகப் பதிந்தது. அந்தப் பொட்டுக்குப் பின்னால் தாங்கலின் முன்விளிம்பு வரும்படி ஒட்டி, சுற்றிலும் பேனாவால் கோடு போட்டேன். மறுபடி பிய்ந்தால் கோட்டுக்குள் ஒட்டினால் போதும்.

செப்டம்பர் கடைசியில், பத்துக்கு 8 என்று சொல்லிக்கொண்டிருந்த வலி 4 ஆனது.

தீபாவளியும் ஊசியும்

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. அதற்கு முந்தைய ஐந்து வாரம் எம்.சி. ரோட்டில் நடக்கவே இடமிருக்காது, கடைக்குள் கேட்கவே வேண்டாம். வேலை இரவு 11 வரை நீண்டது. ஸ்டூல் மேல் மறுபடி பெட்டிகள் ஏறின. செருப்பு மட்டும் மாறவில்லை. வலி 7-க்குப் போனது, விரல்களில் மரத்த உணர்வு நாள் முழுக்க நின்றது.

தீபாவளி முடிந்து 10 நாள் கழித்து எலும்பு மருத்துவர் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார். பாதத்தின் மேற்புறமிருந்து, ஸ்கேன் பார்த்தபடி. ஒன்றோடு நிறுத்திப் பார்ப்போம் என்றார், திரும்பத் திரும்பப் போட்டால் உள்ளங்காலின் கொழுப்பு மெத்தை மெலிந்துவிடும் என்பதால். சர்க்கரையைத் தினமும் பார்க்கச் சொன்னோம். வெறும் வயிற்றில் 130-ஐ ஒட்டியிருந்தது இரண்டாம் நாள் 214 ஆனது. ஆறாம் நாள் பழைய நிலைக்கு வந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர் பயப்படவில்லை.

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். வடசென்னையின் பல தெருக்களில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. கடை ஒரு வாரம் மூடிக்கிடந்தது. அவர் மூன்றாவது மாடியை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் வெறுங்காலோடு தண்ணீரில் நடக்காதீர்கள் என்று போனில் சொல்லியிருந்தேன், மரத்த விரலில் வெட்டுக்காயம் பட்டால்கூடத் தெரியாது. டிசம்பர் மத்தியில் வந்தபோது வலி 2. ஊசி செய்ததா, ஒரு வாரம் நிற்காமல் இருந்தது செய்ததா என்று பிரிக்க முடியாது. ஊசிக்கே முழுப் பெருமையும் கொடுத்து எழுதினால் பதிவு அழகாக இருக்கும். ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

விளைவு

2024 பொங்கல் வியாபாரத்தை வலி 3-ஐத் தாண்டாமல் கடந்தார். கடைசியாக நான் பார்த்தது அந்த ஆண்டு ஆடித் தள்ளுபடி நடுவில். வலி பெரும்பாலான நாளில் இல்லை, நீண்ட நாளின் முடிவில் 1 அல்லது 2. விரல்களுக்கு நடுவில் லேசான மரத்த உணர்வு மட்டும் போகவில்லை. அறுவையைப் பற்றி எலும்பு மருத்துவர் விளக்கியிருந்தார். தடித்த நரம்பை வெட்டி எடுத்தால் அந்த இடம் நிரந்தரமாக மரத்துவிடும், சிலருக்கு வெட்டிய முனையிலேயே வலி திரும்பி வரும். இப்போதைக்கு வேண்டாம் என்று அந்த அம்மா முடிவு செய்தார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

கல்யாணத்துக்குப் போக ஒருநாள் ஹீல்ஸ் போட்டாராம். மண்டபத்துக்குள் நுழைவதற்குள் கையில் எடுத்துக்கொண்டாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மாற்றிச் செய்வதென்றால்

முதல் நாள் ஃபைலை மூடி வைத்துவிட்டுக் காலைப் பார்ப்பேன். ஒரு காலா, இரண்டு காலா, பகலா, இரவா, எதைக் கழற்றினால் குறைகிறது என்ற இந்தக் கேள்விகளுக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்காததால் அவருக்கு நான்கு வாரம் போயிற்று, எனக்கு முன்னால் போனது எட்டு மாதம். சர்க்கரை இருப்பவருக்கும் சர்க்கரையால் வராத வலி வரும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஃபைலில் பதில் தயாராக இருக்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

வலது காலில் இரண்டு விரல் நுனிகளில் மட்டும் உணர்வு தடுமாறியதை ‘சர்க்கரையின் ஆரம்பம்’ என்று ஒதுக்கியிருக்கக் கூடாது. அந்த இரண்டு விரலுக்கும் போவது ஒரே நரம்பின் இரண்டு கிளை.

தாங்கலை ஒட்டிக் கொடுக்கும் நாளிலேயே சாந்துப் பொட்டு வேலையையும் செய்துவிடுவேன். பண்டிகைக்கு முன்பே மேனேஜரிடம் மறுபடி பேசுவேன். ஜனவரியில் அவரைப் போய்ப் பார்த்தபோது, ‘அப்பவே சொல்லியிருந்தா பலகை மாதிரி இன்னொரு ஸ்டூலும் போட்டிருக்கலாமே’ என்றார். உண்மையாகச் சொன்னாரா என்று தெரியாது. ஆனால் நான் கேட்காததும் உண்மை.

மையத்தின் வாசலில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது: ‘கால் வலிக்கு வருபவர்கள், வேலைக்குப் போடும் செருப்பைக் கையோடு உள்ளே கொண்டுவரவும்.’ முதல் வாரம் பலரும் தயங்கினார்கள், செருப்பை எப்படி உள்ளே எடுத்துவருவது என்று. இப்போது மஞ்சப்பையில் போட்டு எடுத்துவருகிறார்கள். அந்தத் துணிக்கடையிலிருந்தே இரண்டு பேர் அப்படி வந்தார்கள். அதில் ஒருவருக்கு இதே இடத்தில்தான் வலி. இன்னொருவருக்குக் குதிகாலில்.